மாமனாரின் கல்லறை எக்ஸ்கர்ஷன்

கல்லறைத் தோட்டத்தில் விசில் ஊதிய மனிதர் எனக்குத் தெரிந்து என் மாமனார் ஒருவர்தான். ரயில்வே கார்டுகள் வைத்திருக்கும் பித்தளை விசில் அது; அவரும் ரயிலுக்குக் கொடி காட்டும் கார்டுதான். வேலை நாட்களில் சட்டைப் பையில் சங்கிலியோடு கோத்து வைத்திருப்பார். வருஷத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை, நவம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை, அதே விசிலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு சபை ஜனங்கள் முப்பது நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு புறப்படுவார். கல்லறைகளுக்கு நடுவே ஆளுக்கொரு பக்கமாகச் சிதறி நிற்பவர்களை ஒன்றுசேர்க்க வேண்டுமானால் ஒரு நீண்ட ஊதல். மரத்தில் இருக்கும் கிளிகள் எல்லாம் கத்திக்கொண்டு பறக்கும். "கார்டு ஐயா, உள்ள படுத்திருக்கிறவங்க எழுந்துடப் போறாங்க" என்று யாராவது கேலி செய்தால், "எழுந்தா நல்லதுதானே, அதுக்குத்தானே அவுங்க காத்துக்கிட்டுக் கிடக்கிறாங்க" என்பார். சிரிக்காமல் சொல்வார். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் அவர் மீசை கொஞ்சம் அசையும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் பாளையங்கோட்டையிலிருந்து சிகந்தராபாத்துக்கு, லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் கல்யாணமாகி வந்தேன். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் மாமனார், என் கணவர், கணவரின் தங்கை, நான் என்று நாலு பேர்தான். மாமனாரின் முன்னோர்கள் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மதராஸ் பட்டாளத்தோடு இந்த ஊருக்கு வந்தவர்கள். நாலு தலைமுறையாக இங்கேயே இருந்ததால் அவர்கள் வீட்டுத் தமிழில் தெலுங்கும் தக்கனி உருதுவும் கலந்து கிடந்தன. வந்த முதல் நாள் அவருக்குச் சோறு பரிமாறப் போனேன். "நக்கோம்மா" என்றார். அது ஏதோ குழம்பின் பெயர் போலிருக்கிறது என்று நினைத்து எல்லாப் பாத்திரத்தையும் திறந்து பார்த்தேன். மறுபடியும் ஒரு கரண்டி சோறு வைத்தேன். "நக்கோ, நக்கோ" என்று இலையைக் கையால் மூடினார். கதவருகில் நின்ற நாத்தனார் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். 'வேண்டாம்' என்பதுதான் அந்த வார்த்தையின் பொருள் என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

வெளியூர்க்காரி என்று என்னை அவர் ஒரு நாளும் ஒதுக்கி வைத்ததில்லை. காசிப்பேட்டை வரைக்கும் ரயிலோடு போய் வருவார். திரும்பும்போது ஏதாவது எனக்கென்று கொண்டு வருவார். ஊரில் கறிவேப்பிலைச் செடி வீட்டுக்கு வீடு இருக்கும், இங்கே கடைக்குப் போக வேண்டியிருக்கிறது என்று நான் ஒரு தடவை சொன்னதற்காக, ஏதோ ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்றை மண்ணோடு தகர டப்பாவில் வைத்து, கார்டு உட்காரும் பிரேக் வேனில் தன் காலடியிலேயே வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நான் மலேரியாவில் கிடந்த பத்து நாளும் டியூட்டி முடிந்து வந்து சீருடையைக் கூட மாற்றாமல் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் அவர். உப்புப் போட மறந்துவிடுவார். நானும் சொல்ல மாட்டேன். நாலு மாதத்திலேயே, பெற்ற அப்பாவிடம் பேசாததையெல்லாம் அவரிடம் பேசத் தொடங்கிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமைப் பயணத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஆதிக் கிறிஸ்தவர் யாத்திரை'. குவார்ட்டர்ஸ் ஜனங்கள் அதைக் 'கல்லறை எக்ஸ்கர்ஷன்' என்றுதான் சொல்வார்கள். காலை ஜெபம் முடிந்ததும் கோயில் வாசலிலிருந்து புறப்பாடு. முதலில் கன்டோன்மென்ட் தெருக்களுக்கு நடுவே ஒரு பழைய சுண்ணாம்புக் கட்டடம். தமிழ் ஜனங்களுக்கென்று தனியாகக் கோயில் கட்டுவதற்கு முன்னால், பட்டாளத்தோடு வந்தவர்கள் கூடி ஜெபித்த அறை அது. அப்போது அதில் குதிரை வண்டிச் சக்கரங்களைப் போட்டு வைத்திருந்தார்கள். மாமனார் அந்தச் சக்கரங்களுக்கு இடையில் நுழைந்து, சுவரில் விளக்கு வைத்த மாடத்தைத் தொட்டுக் காட்டுவார். பிறகு சிகந்தராபாத் ஸ்டேஷனுக்கு வந்து சின்ன ரயிலில் ஏறி, காச்சிகுடாவைத் தாண்டி உப்புகுடாவில் இறங்குவோம். அங்கே வயல்களுக்கும் சீத்தாப்பழப் புதர்களுக்கும் நடுவில் ஆர்மீனியர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

அதை முதல் தடவை பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. நம் ஊர்க் கல்லறைகளைப் போல அவை நிமிர்ந்து நிற்பதில்லை. பெரிய பெரிய கருங்கல் பாளங்கள், களைத்துப்போய்ப் படுத்துவிட்டவை போல மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். மேலே கொக்கி கொக்கியாக வளைந்த எழுத்துகள். எங்களில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. சிலுவை மட்டும் புரியும். மாமனார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொல்வார்: "இவுங்க அர்மானிக்காரங்க. பாரசீகத்துலேர்ந்து பட்டும் வைரக்கல்லும் வியாபாரம் பண்ண வந்தவங்க. கோல்கொண்டா ராஜாக்கள் இருந்த காலம். நம்ம கன்டோன்மென்ட் இல்ல, துரை இல்ல, ஒண்ணும் இல்ல. அப்பவே இங்க ஒருத்தன் சிலுவை போட்டுப் படுத்திருக்கான். துரை வந்தான், ரொட்டி குடுத்தான், அதனால வேதத்துல சேந்தீங்கன்னு எவனாவது உங்களச் சொன்னா, இங்க கூட்டியாந்து காட்டுங்க." ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தைகள். ஒவ்வொரு வருஷமும் கடைசி வரியில் அவர் குரல் கம்மும்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அவருடைய பூட்டனார் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர் என்றும், அந்தச் சுண்ணாம்பு அறையில் முதன்முதல் ஜெபக்கூட்டம் நடத்தியவர்களில் ஒருவர் என்றும் அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். சபையில் எங்களுக்கு 'சுபேதார் வீட்டுக்காரங்க' என்றுதான் பெயர். கோயிலில் மூன்றாவது வரிசை எங்களுடையது. வீட்டுப் பைபிளின் முதல் பக்கத்தில் பூட்டனாரின் பெயரும் அவர் பிறந்த ஊரும் எழுதியிருக்கும். அவருடைய கல்லறை பரேடு மைதானத்துக்கு அப்பால் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் எங்கோ இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பகுதி முழுவதும் உண்ணிச்செடி மண்டி, உள்ளே நுழைய முடியாமல் கிடந்தது. யாத்திரை எப்போதும் அந்தத் தோட்டத்தில்தான் முடியும். புதரின் ஓரத்தில் நின்று, "எங்க சுபேதார் இதுக்குள்ளதான் இருக்கார்" என்று கையை நீட்டிக் காட்டிவிட்டு மாமனார் ஜெபம் செய்து முடிப்பார்.

அந்தப் பெருமை ஒருவருடைய வாழ்க்கையில் போய் இடித்தது. என் நாத்தனாருக்கு அப்போது இருபத்தாறு வயது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சபைப் பாடகர் குழுவில் அவளோடு பாடிய ஒரு கம்பவுண்டரை அவளுக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் அவளைப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் அதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் சபை முழுவதற்கும் தெரியும். அந்தப் பையனின் அப்பா திருமலகிரியில் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் முப்பது வருஷமாகத் தலைமைக் குசினிக்காரர், அதாவது தலைமைச் சமையல்காரர். கடைசி வரிசையில் உட்காரும் குடும்பம். முறைப்படி ஒரு சபைப் பெரியவரை அனுப்பிப் பெண் கேட்டார்கள். மாமனார் அவருக்குக் காபி கொடுத்து, மரியாதையாகப் பேசி, கடைசியில் சொன்னார்: "சுபேதார் வீட்டுப் பொண்ணு சட்டி கழுவுற வீட்டுக்கா? நக்கோ."

அந்த வார்த்தை சாயங்காலத்துக்குள் திருமலகிரிக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குசினிக்காரர் எப்போதும் போலக் கோயிலுக்கு வந்தார். வெள்ளைக் கோட்டு, நறுக்கிய நரைமீசை, தட்டு ஏந்திப் பழகியவர்களுக்கே வரும் நேரான முதுகு. "ஸ்தோத்திரம் கார்டு ஐயா" என்று எப்போதும் சொல்வதையே சொல்லிவிட்டுப் போனார். மாமனார்தான் பதில் சொல்லத் தடுமாறினார். நாத்தனார் அழவில்லை, சண்டை போடவில்லை. அப்பாவுக்கு வேண்டியதையெல்லாம் செய்தாள், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் அதன் பிறகு ஒரு வருஷம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் என்னிடம்தான் பேசுவார்கள். "அண்ணி, அப்பாவுக்கு மோர் வேணுமான்னு கேளுங்க." "மோர் போதும்னு பாப்பாகிட்ட சொல்லும்மா." நாலு பேரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருப்போம்.

அடுத்த அக்டோபரில் கன்டோன்மென்ட் ஆட்கள் அந்தக் கல்லறைத் தோட்டத்துப் புதரை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். தோட்டத்துக் காவல்காரர் லாலாகுடாவுக்கே நடந்து வந்தார். "சாப், ஏக் பத்தர் நிக்லா. உஸ்பே அரவம் லிக்கே ஹை" என்றார். ஒரு கல் வெளியே வந்திருக்கிறது, அதில் தமிழ் எழுதியிருக்கிறது என்று அர்த்தம். பெயரில் பாதி மட்டும் மண்ணுக்கு மேல் தெரிகிறது என்று சொல்லி, அந்த எழுத்துகளின் வடிவத்தைத் தரையில் விரலால் எழுதிக் காட்டினார். அது பூட்டனார் பெயரின் தொடக்கம். மாமனார் உடனே ஓடிப்போய்ப் பார்த்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. எல்லார் முன்னாலும் மண்ணை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று யாத்திரை நாள் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார். கோயிலில் அறிவிப்பும் கொடுத்தார். அந்த வருஷம் ஐம்பது பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். நாத்தனார் வர மாட்டேன் என்றாள். "உங்கப்பா இதுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தார், நீ இல்லாம எப்படி?" என்று நான்தான் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன்.

குசினிக்காரரும் வந்தார். அவர் எல்லா வருஷமும் வருவார். சாயங்கால டீயும் கேக்கும் அவர் பொறுப்பு, யாரும் கேட்காமலே அவர் எடுத்துக்கொண்ட பொறுப்பு. கம்பவுண்டர் மகன் அடுப்பையும் கெட்டிலையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். உப்புகுடாவில் மதியம் புளிச்சோறும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். மாமனார் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஆர்மீனியர்களைப் பற்றிச் சொல்லும்போது பாதியில் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் அர்மானிக்காரர்களைப் பாதியில் விட்டது அன்றைக்குத்தான்.

நாலு மணிக்குப் பழைய தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். வெட்டிய உண்ணிச்செடியின் கார வாசனை அப்போதும் இருந்தது. காவல்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார். கல் சின்னது, இடுப்பளவு கூட இல்லை. எழுத்துகள் பழைய காலத்துத் தமிழ், புள்ளி இல்லாமல் நெருக்கி வெட்டியது. "நீதான் நல்லாத் தமிழ் படிச்சவ. நீ படிம்மா" என்றார் மாமனார். நான் முழங்காலிட்டு, மண்ணைக் கையால் விலக்கி, தண்ணீர் விட்டுக் கழுவி, சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். முதல் வரி பெயர். பைபிளில் இருந்த அதே பெயர். இரண்டாவது வரி ஊர். அதே ஊர். கூட்டத்தில் யாரோ "அல்லேலூயா" என்றார்கள். மாமனார் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ம், படி, படி" என்றார்.

மூன்றாவது வரியை முதலில் கண்ணால் மட்டும் ஓட்டினேன். 'கர்னல் துரையவர்களின் குசினிக்காரன்' என்று இருந்தது. அதற்குக் கீழே, 'பதினெட்டு வருஷம் உண்மையாய் ஊழியஞ்செய்து கர்த்தருக்குள் நித்திரையடைந்தான்' என்று இருந்தது. ஐம்பது பேர் பின்னால் நிற்கிறார்கள். நாத்தனார் நிற்கிறாள். அவள் விரும்பியவர் கெட்டிலோடு நிற்கிறார். நான் யோசித்ததாகவே நினைவில்லை. "கர்னல் துரையவர்களுக்குப் பதினெட்டு வருஷம் உண்மையாய் ஊழியஞ்செய்து" என்று அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டு வேகமாகப் படித்து முடித்தேன்.

ஓடுகிற கூட்ஸ் வண்டியில் பெட்டி நம்பர்களைப் படித்துப் பழகியவர் அவர். "நில்லு. கர்னல் துரைக்கு அப்புறம் இன்னொரு வார்த்தை இருக்கே" என்றார். நான் எழுந்து விலகினேன். அவர் குனிந்தார். கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு, ஆள்காட்டி விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன போட்டிருக்கு கார்டு ஐயா?" என்று ஒருவர் கேட்டார்.

அப்போது குசினிக்காரர் முன்னால் வந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து கல்லைப் படித்திருக்க முடியும் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. கேட்டதில்லை. பெரிய விருந்துகளில், மேஜையில் ஒருவர் சங்கடப்படுகிறார் என்று தெரிந்தால் மற்றவர்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவது அவர் தொழிலில் ஒரு பகுதி. "எல்லாரும் வாங்க, டீ ரெடி. ஆறிப்போச்சுன்னா என்னைத் திட்டக் கூடாது. கேக்கு மரத்தடியில இருக்கு, குழந்தைங்கள முதல்ல விடுங்க" என்று அவசரப்படாத குரலில் சொல்லிக்கொண்டே, தட்டைத் திருப்புவது போல அந்தக் கூட்டத்தையே திருப்பி அழைத்துக்கொண்டு போய்விட்டார். கல்லருகில் மாமனாரும் நானும் மட்டும் இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கோப்பை டீயை அவரே கொண்டுவந்தார். தரையில் வைக்காமல், பக்கத்துக் கல்லறையின் தட்டையான மேல்பகுதியில், பிடி மாமனாரின் வலக்கைப் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது மாமனார் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா அந்த வார்த்தைய விட்டுப் படிச்ச?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு, மாமா."

"கல்லு கஷ்டமா இல்ல. என் மருமவ என்னை அந்த ஒரு வார்த்தையத் தாங்க மாட்டாதவன்னு நெனச்சாளே, அதுதான்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த காலணியையும் கழற்றினார். "நீ நெனச்சதும் தப்பில்ல" என்று பிறகு அவரே சொன்னார்.

அதற்கடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் வேறொரு கார்டின் டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ரயிலில் போய்விட்டார். கோயிலுக்கு வரவில்லை. செய்தி எப்படியோ பரவியிருந்தது. யாரும் எங்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் பைபிளைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார். "இதுல சுபேதார்னு எழுதலியேம்மா. பேரும் ஊரும்தான் இருக்கு. எங்கப்பா பொய் சொல்றவர் இல்ல. அவுங்கப்பா அவருக்கு அப்படிச் சொல்லியிருக்கணும். நடுவுல யாரோ ஒருத்தருக்கு வெக்கமா இருந்திருக்கு. பாவம், பதினெட்டு வருஷம் உண்மையா இருந்தவர மாத்தி வெச்சிட்டாங்க." அவர் பூட்டனாருக்காக வருத்தப்பட்டது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றியது. தன்னைப் பற்றிய வருத்தம் அதற்குள் தீர்ந்துவிட்டிருந்தது.

மூன்றாவது ஞாயிறு மத்தியானம் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, "திருமலகிரிக்குப் போகணும். நீயும் வா" என்றார். ஜட்கா வண்டியில் போனோம். மெஸ்ஸுக்குப் பின்னால் வரிசையாக இருந்த வேலைக்காரர் குவார்ட்டர்ஸில் முதல் வீடு குசினிக்காரருடையது. அவரும் மகனும் மட்டுமே இருந்த வீடு. மகன் டியூட்டிக்குப் போயிருந்தார். எங்களைப் பார்த்ததும் குசினிக்காரர் பரபரப்பே இல்லாமல் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஐந்து நிமிஷத்தில் டீயும் மெல்லிய ரொட்டித் துண்டுகளும் மேஜைக்கு வந்தன.

மாமனார் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நேராக ஆரம்பித்தார். "போன வருஷம் ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பு. உங்க மகனுக்கு என் பொண்ணக் குடுக்கணும்னு கேட்டு வந்திருக்கேன்."

குசினிக்காரர் உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டார். "கார்டு ஐயா, ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கல்லுல சுபேதார்னே போட்டிருந்தா, இன்னைக்கு இங்க வந்திருப்பீங்களா?"

மாமனார் சமாதானமாக ஏதாவது சொல்லிவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்ல. வந்திருக்க மாட்டேன்" என்றார்.

"ஹவ், ஆமா, நிஜத்தச் சொல்லிட்டீங்க" என்றார் குசினிக்காரர். அப்போதுதான் அவர் எதிரே உட்கார்ந்தார். "வேற ஏதாவது சொல்லியிருந்தா டீ குடுத்து அனுப்பியிருப்பேன். ஆனா ஐயா, கல்லு சொல்லிச்சுன்னு கல்யாணம் பண்ண முடியாது. என் பையன் எப்படிப்பட்டவன்னு நாலு பேரக் கேளுங்க. அதுக்கு முன்னாடி, உங்க பொண்ணுகிட்ட எப்பவாவது கேட்டீங்களா?"

"கேக்கல."

"கேட்டுட்டு வாங்க. நானும் என் பையன்கிட்ட கேக்கணும், ஒரு வருஷமா அவன் மனசுல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது. டீ குடிங்க, ஆறுது."

திரும்பி வரும்போது மாமனார் ஜட்காவில் ஒரு தடவை தானாகச் சிரித்தார். "துரைங்களுக்குப் பரிமாறின ஆளும்மா அவர். எனக்கு எது வேணுமோ அத மட்டும் வெச்சிட்டு மிச்சத்த எடுத்துட்டுப் போயிட்டார்" என்றார்.

வீட்டில் நாத்தனார் முன்னறையில் பிள்ளைகளின் காம்போசிஷன் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் கோட்டோடு போய் அவள் எதிரில் நின்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு நேராக அவளிடம் பேசினார். "பாப்பா, அந்தக் கம்பவுண்டர் பையன உனக்குப் பிடிச்சிருக்கா?"

அவள் நிமிரவில்லை. பேனா ஓடிக்கொண்டே இருந்தது. "இத மொதல்லயே என்கிட்டக் கேட்டிருந்தா நீங்க கல்லறைக்கெல்லாம் போயிருக்க வேண்டாமேப்பா" என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். அப்படியே நின்றார். மறுநாள் பார்த்தால் ஒரு நோட்டு முழுக்கச் சரியான வாக்கியங்களை எல்லாம் சிவப்பு மையில் அடித்து வைத்திருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து அதை ரப்பரால் அழிக்கப் பார்த்து, நோட்டையே கிழித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்குப் புது நோட்டு வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பெந்தெகொஸ்தே பண்டிகை முடிந்து கல்யாணம் நடந்தது. பிரியாணிச் சட்டி பின்கட்டில் கொதிக்க, சம்பந்தியான குசினிக்காரர் முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். அன்று அவர் சமையல் பக்கம் போகக் கூடாது என்பது மாமனாரின் கண்டிப்பான உத்தரவு. மூன்று தடவை எழுந்தார். மூன்று தடவையும் மாமனார் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நாலாவது தடவை சம்பந்தி மூக்கை உயர்த்தி, "கார்டு ஐயா, அடி பிடிக்குது, நிஜமா" என்றார். பிறகு இரண்டு பேருமே ஓடினார்கள்.

அந்த மனிதர்கள் ஒருவரும் இன்று இல்லை. நாத்தனாரும் அவள் கணவரும் நன்றாக வாழ்ந்து, இரண்டு வருஷ இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். நான் சைனிக்புரியில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பதில் இங்கிலீஷிலோ தெலுங்கிலோதான் வரும். போன வருஷம் அவர்கள் என்னைக் காரில் உப்புகுடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வயலும் இல்லை, சீத்தாப்பழப் புதரும் இல்லை. வீடுகள் சுவரை ஒட்டி வந்துவிட்டன. கற்கள் மட்டும் அதே இடத்தில் படுத்திருந்தன. மாமனார் சொன்னதை அவர்களுக்குச் சொல்ல முயன்றேன். கடைசி வரிக்கு வரும்போது என் குரலும் கம்மியது. "பாட்டி, ஆர் யூ ஓகே?" என்று பேத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர்களிடம் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது.

கல்யாணம் நடந்த அந்த வருஷத்து நவம்பரிலும் யாத்திரை நடந்தது. சாயங்காலம் அந்தச் சின்னக் கல்லின் முன்னால் எல்லாரும் கூடினோம். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே படித்தார். 'குசினிக்காரன்' என்ற இடத்தில் குரலை இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை. படித்து முடித்துவிட்டுத் திரும்பினார். "இவர் எங்க பூட்டன். சுபேதார் இல்ல. துரைக்குச் சோறாக்கிப் போட்டவர். இத்தனை வருஷம் உங்ககிட்டத் தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றார்.

பிறகு, எப்போதும் இரண்டாவது வரிசையில் உட்காரும் ஒரு வயதான அம்மாள் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டுல ஹவில்தார்னு சொல்லிக்குவோம். குதிரைக்குப் புல்லு வெட்டினவர்னு எங்கப்பா சாகும்போதுதான் சொன்னார்" என்றார். ஒரு சிரிப்பு எழுந்தது. இன்னொருவர், தன் தாத்தா தோல்பையில் தண்ணீர் சுமந்த பிஸ்தி என்றார். ஒரு வீட்டில் ஆயா. ஒரு வீட்டில் கூடாரம் அடித்தவர். ஒரு வீட்டில் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் துணி வெளுத்தவர். ஆளாளுக்கு முந்திக்கொண்டு சொன்னார்கள். பின்னாலிருந்து ஒருவர் மிகவும் தயங்கி, "எங்க தாத்தா நிஜமாவே சுபேதார்தாங்க" என்றதும் அந்தத் தோட்டமே சிரிப்பில் அதிர்ந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. திருநெல்வேலிக்காரங்க மூணு தலைமுறை உபதேசியார்ல?"

என் கல்யாணம் பேசியபோது, மூன்று தலைமுறையாகச் சபையில் வேதம் போதித்த குடும்பம் என்றுதான் எங்கள் வீட்டில் சொன்னார்கள். அது உண்மைதான். நாலாவது தலைமுறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. என் கணவர் பக்கத்தில் நின்றார். அவரிடமும் நான் சொன்னதில்லை. "அதுக்கு முன்னால இருந்த பூட்டையா பனையேறி, மாமா" என்றேன். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவார்?"

"நாப்பது, அம்பது ஏறுவாகளாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தலையை அண்ணாந்து, இல்லாத ஒரு பனையின் உச்சியைப் பார்ப்பது போல வெகுநேரம் மேலே பார்த்தார். "நாங்க எல்லாரும் துரை காலடியில நின்னவங்கம்மா. துரை தலைக்கு மேல நின்னவர் உங்க பூட்டையா ஒருத்தர்தான்" என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் என் கணவர் பனைமரத்தைப் பற்றியே என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தார்.